கொட்டாங்குச்சியில் மிஞ்சிய கந்தக எண்ணெய்

அந்தக் கொட்டாங்குச்சி இன்னும் என் சன்னல் விளிம்பில் இருக்கிறது. எண்ணெய் வற்றிவிட்டது, மஞ்சள் கறை போகவில்லை. உட்கார்ந்தால் கண்ணில் படுகிறது என்று எழுந்து நடக்கிறேன். நடந்தாலும் அதையே சுற்றி வருகிறேன்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டையில் நான் துபாசி. துரை பேசுவதைத் தமிழிலும் ஊரார் பேசுவதை அவர் மொழியிலும் சொல்வது என் வேலை. ஏரியில் என்னை ஏற்றிச் செல்பவர் குப்பத்துப் படகை ஓட்டும் தண்டல். அவருடைய செவலை நாய் கரையில் குவித்த வலைமேல்தான் தூங்கும். வலைக்குக் காவல் இருக்கும் நாய் வலையில்தான் படுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

ஒரு கோடையில் அதற்குச் சொறி வந்தது. காது விளிம்பிலும் முழங்கால் மேட்டிலும் மயிர் உதிர்ந்து தோல் பொருக்குத் தட்டியது. காது மடலை விரலால் தேய்த்தால் பின்னங்கால் தானாகக் காற்றைச் சொறியும்; அதுதான் இந்தச் சொறிக்கு அடையாளம். தண்டலின் முன்கையிலும் அரிப்புக் கொப்புளங்கள். தோலுக்குள் பூச்சி ஊரும் நோய் என்று கப்பல் வைத்தியர் சொல்லக் கேட்டிருந்தேன். வெடிமருந்துக் கிடங்கில் கந்தகம் வாங்கிப் புங்க எண்ணெயில் குழைத்துக் கொடுத்தேன்.

"மயிர கத்திரிச்சுட்டுத் தடவு. ஆறினாப்போல தெரிஞ்சாலும் வுடாத, மறுபடி தடவு. வலைமேல படுக்க வுடாத, கட்டிப் போடு."

"வலைய வுட்டா அது எங்க சாமி படுக்கும்? உன் கட்டில்ல எடம் கீதா?" என்று சிரித்தார். ஆனாலும் வலையை வெயிலில் விரித்தார்; நாயை மணலில் முளையடித்துக் கட்டினார். மெல்லப் புது மயிர் முளைத்தது.

அப்போதுதான் துரை தன் வேட்டை நாயின் சொறியைக் கவனித்தார். எங்கிருந்து ஒட்டியது என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியும். அந்த வேட்டை நாய் கப்பலிலிருந்து இறங்கிய அன்றே அதன் காதைத் தடவியிருக்கிறேன், கால் உதறியது. பிறகு அதுதான் தண்டலின் வலையில் புரண்டது. சொன்னால் துரை முகம் சுளிப்பார் என்று பயந்தேன். "குப்பத்து நாய்களிடமிருந்து" என்றேன்.

மறுநாள் துரையின் சேவகர்கள் தடிகளோடு குப்பத்துக்குப் போனார்கள். மற்ற நாய்கள் ஓடித் தப்பின. செவலை, நான் சொன்னபடி, கட்டுண்டு கிடந்தது.

மாலையில் தண்டல் வந்து கொட்டாங்குச்சியை என் வாசலில் வைத்தார். "மிச்சம் கீது சாமி. தொர நாய்க்குத் தடவு. அதுவாச்சும் பொழைக்கட்டும்."

அதன்பின் அவர் படகில் நான் ஏறவில்லை. இப்போது தெருவில் எந்த நாயைக் கண்டாலும் என் விரல் காது மடலுக்குப் போகிறது. கால் உதறினால் கந்தகம் குழைக்கிறேன், வேறொரு கொட்டாங்குச்சியில். எதையும் கட்டிப்போட மனம் வரவில்லை. அவை போகும் இடமெல்லாம் பின்னாலேயே நடந்து பூசுகிறேன்.