அக்கா சொன்ன 'வேணாம்'

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. சீதனத்தாலும் இல்லை, சாதகத்தாலும் இல்லை. ஒரு கோப்பைத் தேத்தண்ணியால்!

இப்போது நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன். அப்போது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அக்காவின் மகன் ரமணன், "சின்னம்மா… சின்னம்மா…" என்று கூப்பிட்டே என்னிடம் எதையும் சாதித்துவிடுகிறவன். அவன் விரும்பிய பெண் யமுனா, இங்கே எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். சொந்த ஊர் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். "மலைநாட்டு ஆக்களோ?" என்று அக்கா இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு மகனின் வாடிய முகத்தைப் பார்த்து இறங்கி வந்தாள்.

யமுனாவின் அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வந்து, புளியந்தீவில் அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு எங்களை அழைத்தார்கள். கல்லடியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போனோம் — அக்கா, ரமணன், நான்.

யமுனாவின் அம்மா தட்டில் பால் தேத்தண்ணி கொண்டுவந்தார். பொன் விளிம்பு வைத்த புதுக் கோப்பைகள். ஒன்றில் கடை ஸ்டிக்கர்கூட உரிக்கப்படாமல் இருந்தது.

"குடிங்கம்மா," என்றார்.

"ஐயோ, வேணாம் தங்கச்சி," என்றாள் அக்கா.

"எனக்கும் வேணாம்," என்றேன் நான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கேட்ட உடனே கையை நீட்டினால் என்ன நினைப்பார்கள்? அதனால் வேணாம் என்போம். "என்னகா, ஒரு வாய் குடிங்க," என்பார்கள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தம்," என்போம். மூன்றாம் தரம் கேட்டதும், வேறு வழியே இல்லாதவர்கள் போல வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்போம்.

ஆனால் அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை. தட்டோடு அப்படியே உள்ளே போய்விட்டார்.

யமுனா ரமணனைப் பார்த்தாள். ரமணன் தரையைப் பார்த்தான். யமுனாவின் அப்பா மெதுவாகச் சொன்னார்: "பரவாயில்லைங்க. எங்க வீட்டுல கை நனைக்காதவங்கள நாங்க நெறையப் பாத்திருக்கோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்…

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்து ஆட்கள் என்பதற்காகவே அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துபோனவர்கள் எத்தனை பேர்! அந்த வரிசையில் எங்களையும் சேர்த்துவிட்டார்.

அக்காவோ ஒன்றும் விளங்காமல் என் காதோரம் குனிந்தாள். "என்ன புள்ள இது? மறுகா கேப்பாங்க எண்டு பாத்தா, தூக்கிக்கொண்டு போயிட்டாங்க?"

சிரிப்பதா, அழுவதா? எழுந்து குசினிக்குள் போனேன். யமுனாவின் அம்மா தட்டை வைத்துவிட்டு அதையே பார்த்தபடி நின்றார். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தோட்டத்துல எங்களுக்குக் குடுக்குற தூள் இல்லைங்க. உங்களுக்காகக் கடையில நல்ல தூளா வாங்கிட்டு வந்தேன்."

முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர் அவர். எங்களுக்காக, நல்ல தேயிலையைக் கடையில் தேடி வாங்கியிருக்கிறார். எனக்கு எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இஞ்ச பாருங்க, நாங்க குடிக்க மாட்டம் எண்டு சொல்லல்ல. எங்கட பக்கம் முதல்ல வேணாம் எண்டுதான் சொல்லுவம். நீங்க மறுகாவும் கேக்கணும். அதுதான் வழமை," என்றேன்.

அவர் நம்பாமல் பார்த்தார். "வேணும்னா எதுக்குங்க வேணாம்னு சொல்றீங்க?"

நல்ல கேள்வி.

அதற்குள் அக்கா பின்னால் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். நேராகத் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தாள்.

"ஆறிப்போச்சுங்கம்மா, சுட வச்சுத் தர்றேன்…"

அக்கா கேட்கவில்லை. நின்ற நிலையில், ஆடை படிந்த அந்தத் தேத்தண்ணியை முழுக்கக் குடித்தாள். பிறகு கோப்பையை நீட்டினாள்.

"இப்ப சுடச்சுட இன்னொண்டு தாங்க தங்கச்சி. வேணாம் எண்டு சொல்லமாட்டன்."

யமுனாவின் அம்மா சிரித்தார் பாருங்கள்… வாசலில் வந்து நின்ற அவர் கணவரும் சிரித்துவிட்டார். "இத முன்னாடியே சொல்லியிருந்தா நாலு தரம் கேட்டிருப்போமேங்க!"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

லண்டனில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி தேத்தண்ணி வேணுமா என்று என்னிடம் ஒரே ஒரு தரம் கேட்டாள். வேணாம் என்றேன். என் முன்னால் உட்கார்ந்து தான் மட்டும் ஆற அமரக் குடித்தாள்! காத்தான்குடியில் என் சிநேகிதி வீட்டில் கேட்பதே இல்லை — இஞ்சி போட்ட பிளேன்டீ தானாக வந்துவிடும், முடித்தால் அடுத்ததும் வரும். இவர்களில் மரியாதை தெரியாதவர் யார்? ஒருவருமில்லை. நமது மரியாதை அடுத்தவர் வீட்டு வாசலைத் தாண்டும்போது அவமானமாக மாறிவிடக்கூடும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

அக்காவின் அந்த 'வேணாம்' முழுக்க மரியாதைதானா, இரண்டு மாத வீம்பும் அதில் கொஞ்சம் கலந்திருந்ததா? நான் கேட்கவில்லை. ஆறிய தேத்தண்ணியை அவள் குடித்த விதத்துக்குப் பிறகு கேட்கத் தோன்றவுமில்லை.

தை மாதம் கல்யாணம். இரண்டு அம்மாமாரும் தினமும் அரை மணித்தியாலம் போனில் பேசுகிறார்கள். அப்படி என்ன கதை என்று கேட்டேன். ரமணனின் குறைகளை அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாளாம்.

பொடியன் பாவம்… இன்னும் பாதிகூட முடியவில்லையாம்!