கண் திரும்பும் சத்தம்

என் கண்கள் திரும்பும் சத்தம் எனக்குக் கேட்டது. அதைச் சொன்னபோது, நாங்கள் குடியிருக்கும் கல்மண்டபம் பகுதியில் எல்லோரும் சிரித்தார்கள். இடமும் வலமும் பார்த்தாலே வலது காதுக்குள் மரம் அறுப்பதுபோல் ஒரு சத்தம். துறைமுகத்தில் கப்பல் ஹாரன் அடித்தால் தரையே சாயும், சுவரைப் பிடித்துக்கொள்வேன்.

எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று மாமியார் ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். கிரேன் ஓட்டும் என் கணவரோ, "கண்ணு திரும்புறது எங்கனா காதுல கேக்குமா?" என்றார். பைத்தியமாகிவிட்டேனோ என்று பயந்து, சொல்வதையே நிறுத்திவிட்டேன்.

போன வருடம் பார்த்த காது டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் என்னையும் கணவரையும் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்.

"காதுக்குள்ள இருக்கிற இந்த வளைவுக்கு மேல எலும்பு மூடியிருக்கணும். உங்களுக்குச் சின்ன ஓட்டை இருக்கு. ரொம்ப அபூர்வமா வர்றது. உடம்புக்குள்ள இருக்கிற சத்தமெல்லாம் பெரிசா கேக்கும். கண் அசையற சத்தம்கூட."

நான் துள்ளி எழுந்து அவரைக் கட்டிக்கொண்டேன்.

"மண்டைல ஓட்ட கீதுன்றாங்க, நீ இன்னாமே சிரிச்சிகினு கீற?" என்று கணவர் பதறினார்.

"நல்லா பாரு! நான் சொன்னது அங்க கீது பாரு!" அழுதுகொண்டே சிரித்தேன்.

அவர் அந்தக் கருப்பு வெள்ளைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "நான் உன்ன நம்பாம பூட்டேனேமே" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சத்தமும் நின்றுவிட்டது. ஆனாலும் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது ஸ்கேன் பார்த்த அந்த நாளைத்தான். நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கே உறுதியான நாள் அது.