பி.பி. நம்பரும் ஒரு வெள்ளிக்கிழமையும்

எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவுக்கே ஒரே டெலிபோன்தான், முனையில் இருந்த பால்கோவா கடையில். வேலை விண்ணப்பமோ கல்யாணப் பத்திரிகையோ, அந்த எண்ணை எழுதிப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுக்கொள்வோம். வெளியூரிலிருந்து கூப்பிடுகிறவர் யார் வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். கடைக்காரர் ஆள் அனுப்புவார். பத்து நிமிஷம் கழித்து மணி மறுபடி அடிக்கும்போது நாம் மூச்சு வாங்க அங்கே நிற்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! எனக்கு வந்த முதல் வேலைக்கான அழைப்பு, கடை பூட்டியிருந்த ஒரு மத்தியானத்தில் அடித்து ஓய்ந்துவிட்டது. நேரில் போய்க் கேட்டபோது, "போன் பண்ணோம், யாரும் எடுக்கலையே" என்றார்கள். அதற்குள் வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். அந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் பிரௌசிங் சென்டர் திறந்தேன். கம்ப்யூட்டர் நான்கு, டெலிபோன் லைன் ஒன்று. இன்டர்நெட்டில் வெளியுலகத்துக்கு அந்த நான்கும் சேர்ந்து ஒரே விலாசம். உள்ளே இருப்பவர் வெளியே யாரையும் தேடிப் போகலாம். வெளியிலிருந்து கூப்பிடுகிறவருக்கு உள்ளே எந்தக் கம்ப்யூட்டர் என்று தெரியாது. மறுபடியும் பி.பி. தான். ஆள் அனுப்பிக் கூப்பிடக் கடைக்காரர்கூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் ஐ.பி. வி6 பற்றிப் படித்தேன். இன்டர்நெட்டுக்குப் புதிய விலாச முறை வருகிறதாம். அதில் விலாசத்துக்குப் பஞ்சமே கிடையாதாம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சொந்த விலாசம். அது ஏன், வத்திராயிருப்புத் தோப்பில் இருக்கும் பம்ப்செட்டுக்கும் ஒன்று கொடுத்து, வீட்டில் இருந்தபடியே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். யாருக்கும் யாரும் பி.பி. இல்லை. படித்ததும் இன்டர்நெட் கொடுத்த கம்பெனியைக் கூப்பிட்டு, எனக்கு அது வேண்டும் என்றேன். "அதெல்லாம் இங்க வர இன்னும் வருஷமாகும் மேடம்" என்று சிரித்தார்கள்.

எனக்கு அவசரம் இருந்தது. பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண் என்னிடம் வந்திருந்தாள். கணவர் சிங்கப்பூரில் ஒரு மளிகைக் கடையில். இன்னும் இரண்டு வருஷம் இருப்பதாகக் கையெழுத்துப் போடப்போகிறார்.

"அதுக்கு முன்ன அவியட்ட ரெண்டு வார்த்தை பேசணும் அக்கா. எங்க தெருப் பலசரக்குக் கடை பி.பி.ல அம்புட்டுப் பேரு முன்னால எப்படிப் பேச?"

அவர் கடையில் இன்டர்நெட்டோடு கம்ப்யூட்டர் உண்டு, மைக் வைத்து அதிலேயே போன் மாதிரிப் பேசலாம். முதலாளி நகர்ந்தால்தான் அவரால் கூப்பிட முடியும். ஆகவே அழைப்பு அங்கிருந்துதான் வரவேண்டும், நேராக இவளிடம்.

புது விலாசம் வரும்வரை கைகட்டி உட்கார நான் தயாராக இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் மற்ற மூன்று கம்ப்யூட்டர்களின் இணைப்பையும் பிடுங்கிப் போட்டேன். மோடத்தை இவள் உட்கார்ந்த கம்ப்யூட்டரில் நேரடியாக மாட்டினேன். லைன் கிடைத்ததும் அந்த நேரத்துக்கான விலாசத்தை அவருக்கு ஈமெயில் அனுப்பினேன். லைன் அறுந்தால் விலாசமும் மாறிவிடும். ஆகவே டெலிபோனை யாரும் தொடாதபடி அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

மெயில் பார்க்க வந்த நூல் வியாபாரி கடுகடுத்தார். "ஏம்மா, ஒரு ஆளுக்காக நாங்க எம்புட்டு நேரம் காத்துக் கெடக்க?"

"காத்துக் கெடங்க அண்ணாச்சி. இந்தப் பிள்ள வருஷக்கணக்கா காத்துக் கெடக்கு" என்று சொல்லி, எல்லாரையும் வெளியே அனுப்பினேன்.

ஸ்பீக்கரில் மணி ஒலித்தது. பட்டனை அழுத்தினோம். "என் வீட்டுல கொஞ்சம் கூப்பிட்டு விடுங்க" என்றது ஆண் குரல். இவள் வாயைத் திறப்பதற்குள் அழைப்பு நின்றுவிட்டது. பழக்க தோஷம்! வருஷக்கணக்காகப் பி.பி.க்கே பேசிய மனிதர் அல்லவா.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "பத்து நிமிஷம் கழிச்சுத்தான் வருவாவ. அதுக்குள்ள முதலாளி வந்துட்டா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை. வியாபாரி கதவைத் தட்டினார், திறக்கவில்லை. லைன் அறுந்துவிடக் கூடாதே என்று மோடத்தின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

மணி மறுபடி அடித்தது.

"வந்துட்டியா?" என்றது குரல்.

"நா எங்கயும் போகல மச்சான், இங்கனயேதான் இருக்கேன்" என்றாள். "நீங்கதான் வரணும். கையெழுத்துப் போடாதிய, வந்துருங்க."

லைன் போய்விட்டதோ என்று மோடத்தைத் திரும்பிப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பிறகு அவர் அழுவது கேட்டது. நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, வியாபாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.