சிவப்பு அட்டையில் ஒரு காலிக் கட்டம்

என் அலமாரியின் மேல்தட்டில், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு அட்டை இருக்கிறது. மூலையில் ஒரு துளை, துளையில் துருவேறிய கம்பித் துண்டு. ஒருமுறை தண்ணீரில் ஊறிக் காய்ந்ததால், வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்திருக்கிறது. அட்டையின் அடியில் அச்சடித்த இரண்டு கட்டங்கள். இடது கட்டத்தில், மை பரவிப்போன ஒரு கையெழுத்து. வலது கட்டம் காலி. அந்தக் காலிக் கட்டம் என்னுடையது. முப்பது வருஷ உத்தியோகத்தில் கணக்கில்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு யாராவது மாலை போட வேண்டுமென்றால், இந்த ஒன்றைப் போடாமல் விட்டதற்குத்தான் போட வேண்டும். அதிலும் என் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. அன்றைக்குக் கையில் பேனா இல்லை, அவ்வளவுதான்.

இடது கட்டத்துக் கையெழுத்து எங்கள் இன்ஸ்பெக்டரம்மாவுடையது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவர் தரப் பரிசோதனை, நான் ஸ்டோர்ஸ். ஆரம்பாக்கத்தில் ஒரே வரிசை வீடுகளில், அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவர் கணவர் கம்பெனி பஸ் ஓட்டினார். பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாம் 'இன்ஸ்பெக்டரம்மா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, வீட்டுச் சொந்தக்காரர் அவரைப் போலீஸ் என்று நினைத்துக்கொண்டார். முதல் இரண்டு மாதம் அவர்கள் கேட்பதற்கு முன்பே தண்ணீர் மோட்டார் ஓடியது. உண்மை தெரிந்த பிறகு, எங்களுக்கெல்லாம் போலவே அவர்களுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது.

கம்பெனியில் அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பாகம் வெளியே போகாது. வீட்டில் அதே கண்ணை வைத்துக்கொண்டு தையல். இயந்திரத் தையல் அல்ல, ஊசியும் நூலும். ஷிப்ட் முடிந்து வந்து, சோற்றை வடித்து வைத்துவிட்டு, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். மடியில் மேட்டித் துணி, அதாவது கட்டம் கட்டமாகத் துளை விழுந்த கெட்டித் துணி. கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகக் குத்திக்கொண்டே போனால், எட்ட நின்று பார்க்கிறவனுக்கு அது கொக்காகவோ கோபுரமாகவோ தெரியும். கிராஸ் ஸ்டிட்ச் என்பார்கள். பெருக்கல் குறியில் மேலே வரும் கோடு எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டுமாம். எங்கேயோ ஒன்று எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பதை முப்பது வரிசை தாண்டிக் கண்டுபிடித்தாலும், முப்பதையும் பிரித்துவிடுவார். "இத்த யாருமா குனிஞ்சி பாக்கப் போறாங்க?" என்று கேட்டால், "கண்ணுல பட்டுட்ச்சேண்ணா, அப்புறம் எப்டி உடறது?" என்பார்.

அப்படித் தைத்த சதுரங்களைத் துண்டுத்துணிகளோடு இணைத்து, நடுவில் பஞ்சு பரப்பி, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் குத்தியெடுத்தால் ஒரு போர்வை. அவர் அதை க்வில்ட் என்பார், எங்கள் வரிசை 'ஒட்டுப் போர்வை' என்றது. கம்பெனி கொடுக்கும் சாம்பல்நீல யூனிபாரம் பழசானால் அது இந்தப் போர்வைகளின் கரையாகிவிடும். ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது என்பது அவரிடம் கிடையாது. எப்போது போனாலும் ஆறேழு பைகளில் ஆறேழு வேலைகள் பாதியில் இருக்கும். எது எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்கே குழம்பியபோது நான்தான் ஒரு யோசனை சொன்னேன். படிவம் மாறியதால் ஸ்டோர்ஸில் வீணாகக் கிடந்த பழைய அட்டைக் கட்டுகளைக் கேட்டு வாங்கி, கொண்டுபோய்க் கொடுத்தேன். கம்பெனியில் பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் பிரித்துத் திருத்த வேண்டும், சிவப்பு என்றால் தேறாது. மறுநாளே பைக்கு ஒரு அட்டை தொங்கியது. தொட்டில் பழக்கம் யாரை விட்டது? ஒவ்வொன்றிலும் ஆய்வாளர் கட்டத்தில் கையெழுத்து வேறு. "இன்னாமா, ஊட்டுக்கு ஆடிட் வரப் போறாங்களா?" என்று நான் கேலி செய்ய, அவரும் சிரித்தார். பச்சையும் மஞ்சளுமாகத் தொங்கிய பைகளுக்கு நடுவே ஒன்றுக்கு மட்டும் சிவப்பு. அது ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேறாத பாகத்தை அனுப்பச் சொல்லி மேனேஜரே வந்து நின்றாலும் 'முடியாது சார்' என்று சொல்லும் அதே வாய், போர்வை என்று வந்தால் கட்டிப்போட்டது போல ஆகிவிடும். தனக்கென்று அவர் ஒரு பெரிய போர்வை தைக்க ஆரம்பித்தது எனக்குத் தெரியும். பாதி முடிந்திருந்தபோது அவர் தம்பி மனைவி வந்து அதைத் தடவிப் பார்த்து, "அண்ணி, முடிஞ்சதும் இத்த நான் எட்துக்கவா?" என்றாள். போய்விட்டது. இன்னொன்று ஆரம்பித்தார். கூட வேலை பார்த்தவர் பேத்தியின் பெயர் வைக்கும் விழாவுக்கு அதுவும் போனது. "எட்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவார். என் மனைவி சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுவிட்டு, "அடுத்தது எதுவோ கை மாறிட்ச்சி" என்பாள்.

அந்தக் கார்த்திகையில் அவர் கடைசித் தம்பி கல்யாணத்துக்காகக் கணவனும் மனைவியும் திருப்பாச்சூர் போயிருந்தார்கள். அவர் பிறந்த ஊர் அது. போன மறுநாள் பிடித்த மழை விடவேயில்லை. ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்து, பிறகு வாசலுக்கு வந்து, காலை நாஷ்டாவுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அடுப்படிக்கும் வந்துவிட்டது. போன் அடித்தது. "அண்ணா, எங்க ஊட்லயும் பூந்துட்ச்சா? சாவி உங்களாண்டதான் கீது. டிவி, பீரோ போனா போவட்டும். பையெல்லாம் மேல ஏத்திடுங்கண்ணா" என்றார். ரயில் நின்றுபோய்விட்டதால் அவர்களால் உடனே வர முடியவில்லை. நான் முழங்கால் தண்ணீரில் போய், பச்சைப் பைகளைப் பரணில் ஏற்றினேன். மஞ்சளை அலமாரி மேல் அடுக்கினேன். சிவப்பைக் கீழேயே விட்டேன். வெள்ளம் வரும்போது கழித்துப் போட்டதை யாராவது தூக்கிச் சுமப்பார்களா?

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. சேறு வழித்துக்கொண்டிருந்தபோது வேஸ்ட் துணிக்காரர் வண்டி தெருவுக்கு வந்தது. பழைய துணியை வாங்கிப் போய், வெட்டி, மில்லுகளில் எண்ணெய் துடைக்கக் கொடுப்பவர். ஊறி நாறியதையெல்லாம் ஆளாளுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். சிவப்புப் பையைத் திறந்து எட்டிப் பார்த்தேன். மேலாகத் தெரிந்தது யூனிபாரத் துணி, அதுவும் சேறு. அட்டையைக் கவனமாகப் படித்தேன், கையெழுத்தும் சரியாக இருந்தது. முறைப்படி எனக்குரிய கட்டத்தில் நானும் போட்டிருக்க வேண்டும். லுங்கியில் ஏது பேனா? அட்டையோடு பையைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்கு நல்லது செய்த திருப்தியில் குளிக்கப் போனேன்.

அடுத்த நாள் காலையில் இன்ஸ்பெக்டரம்மா வந்தார். அவர் கணவர் பஸ் எடுக்கப் போய்விட்டார். பைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டே வந்தவர், "செவப்பு எங்கண்ணா?" என்றார்.

"அது ஸ்க்ராப்பு தானேம்மா? வண்டில அனுப்பிட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "செவப்பு போட்டா கேட்ட தாண்டி வெளிய போவக் கூடாதுண்ணா" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிவப்பு அட்டைக்குக் கம்பெனியில் இரண்டு அர்த்தம். தரப் பரிசோதனைக்காரருக்கு அது 'யாருக்கும் கொடுக்கக் கூடாது, வெளியே விடாதே.' ஸ்டோர்ஸ்காரனுக்கு 'இனி இங்கே வைக்காதே, வெளியே தள்ளு.' அத்தனை வருஷம் ஒரே அட்டையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் கையெழுத்துப் போட்ட இருவரும் அதை இரண்டு விதமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"அது யாருக்கு வச்சிருந்தம்மா?" என்று என் மனைவி கேட்டாள்.

"எனக்குக்கா" என்றார். சொல்லும்போது ஏதோ தப்புச் செய்தவர் போலக் குரல் இறங்கியது. மூன்றாவது முறையாக ஆரம்பித்தது அது. கேட்கிறவர்களிடம் வாயால் மறுக்க முடியாதவர், அட்டையிடம் அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு சதுரத்தில் ஒன்பது முடிந்திருந்தது. திருப்பாச்சூர் கோபுரம், அவர் காலையில் பார்க்கும் புகைபோக்கி, ஆரம்பாக்கம் வயலில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு, அவருடைய சாப்பாட்டு டப்பா. ஐந்து வருஷ வேலை. "கம்பெனிலதான் ஸ்டோர்ஸுன்னு பாத்தா, அடுத்த ஊட்லயுமா?" என்று மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். வெட்கத்தில் என் வண்டியை எடுத்து, "ஏறுமா" என்றேன்.

வேஸ்ட் துணிக் கிடங்கு தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கட்டையில் நிமிர்த்தி வைத்த கத்தியில் துணியை இழுத்து இழுத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். பொத்தான்கள் ஒரு குவியல், வெட்டிய சதுரங்கள் ஒரு குவியல். அந்தக் குவியலில் முக்கால்வாசி சாம்பல்நீலம். இன்ஸ்பெக்டரம்மா குவியலருகே போய் நின்றார், ஆனால் கையை வைக்கவில்லை. பயந்துவிட்டார் என்று தெரிந்தது. நானும் வாயில் வந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டு, சிவப்பு அட்டை போட்ட பை ஒன்று வந்ததா என்று பொதுவாகக் கேட்டேன்.

வரிசைக் கடைசியில் உட்கார்ந்திருந்த அம்மாள் தலையைக்கூட நிமிர்த்தாமல் கையிலிருந்த துணியால் சுவர்ப் பக்கம் காட்டினார். அங்கே ஆணியில், கழுவிப் பிழிந்து, போர்வை வெட்டுப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அட்டையும் அதே கம்பியில். "ஒரு கையெயுத்துதான் கீது. ஸ்டோர்ஸ் கையெயுத்து இல்லாம கத்தி வச்சா நாளைக்கு யாரு பதில் சொல்றது? அதான் ஓரமா மாட்டி வச்சேன்" என்றார். அவரும் ஒரு காலத்தில் ஏதோ கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தவராம். வேலை போனாலும் விதி போகவில்லை. பிறகு நிமிர்ந்து, "யாரும்மா அந்த ஸ்டோர்ஸு? கையெயுத்து போடாம ஸ்க்ராப்ப அனுப்பிக்கினு! இன்னா பேஜாரு புடிச்ச ஆளு!" என்று கேட்டார். இன்ஸ்பெக்டரம்மா என்னைக் காட்டினார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. போர்வையை இறக்கி, தரையில் விரித்து, விரல் வைத்து எண்ணினார். "ஒம்போதும் கீதுண்ணா" என்றார். நான் அங்கேயே ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் கொடுத்த டீயைப் போல ருசியாக அதற்குப் பிறகு நான் எங்கேயும் குடிக்கவில்லை.

நஷ்டம் ஒன்றுதான். புகைபோக்கிக்குப் போட்ட சிவப்பு நூல் சாயம் விட்டு, பக்கத்துச் சதுரத்துக் கொக்கின் மேல் படர்ந்திருந்தது. மூன்று அலசு அலசியும் போகவில்லை. பிரித்துத் தைப்பார் என்று மஞ்சள் அட்டையோடு போய் நின்றேன். "வாணாம்ண்ணா. கொக்கு பூநாரையாயிட்ச்சி. பழவேற்காட்லேர்ந்து வந்துதுன்னு வச்சிக்கலாம்" என்றார். எனக்குத் தெரிந்து, குறையுள்ள ஒன்றை அவர் கையால் 'சரி' என்று விட்டது அந்த ஒருமுறைதான்.

நான் ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் கடிகாரம் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா ஒரு காகித உறையைக் கொடுத்தார். பிரித்தால் இந்தச் சிவப்பு அட்டை. கூடவே பேனாவையும் நீட்டி, "போட்றீங்களாண்ணா?" என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

இப்போது நாங்கள் மகனோடு வேப்பம்பட்டில் இருக்கிறோம். போன மாதம் ஆரம்பாக்கம் போயிருந்தபோது பார்த்தேன், அவர் வீட்டில் பாதியில் நிற்கும் பைகள் எட்டாகிவிட்டன. பன்னிரண்டு சதுரம் முடிந்தும் அந்தப் போர்வை முடியவில்லை, பதினாறாகிக் கட்டிலை விட்டு வழிகிறது. எங்கள் வேப்பம்பட்டு வீட்டு மாடிப்படியும் அதில் ஏறியிருக்கிறது. என் மனைவி தடவிப் பார்த்து, பழைய கதையெல்லாம் மறந்துவிட்டு, "எவ்ளோ நல்லாகீது! எங்க மருமவளுக்குக் கேட்டா குடுப்பியாம்மா?" என்றாள். இன்ஸ்பெக்டரம்மா நிதானமாகப் போர்வையின் ஒரு மூலையைத் திருப்பிக் காட்டினார். அட்டை தொங்கிய இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மேட்டித் துணி, அதில் சிவப்பு நூலில் 'எனக்கு' என்று தைத்திருந்தது. க் மேல் புள்ளிக்கு ஒரே ஒரு பெருக்கல் குறி. காட்டியதோடு நிற்காமல் வாயாலும் சொன்னார். "இது எனக்குக்கா. உங்க மருமவளுக்கு வேற தரேன்." குரல் இறங்கவில்லை. பரணிலிருந்து பச்சை அட்டைப் பை ஒன்றை இறக்கிக் கொடுத்தார். அன்றைக்கு உள்ளே பாத்திரம் கழுவும் சத்தமும் கேட்கவில்லை.

நேற்று பொங்கலுக்காக அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்த மனைவி, வளைந்த அட்டையைத் தூக்கிப் பிடித்து, "இது இன்னாத்துக்கு இன்னும்? கடாசிடவா?" என்றாள்.

"நல்லாப் பாரு, ஸ்டோர்ஸ் கையெழுத்து இல்ல" என்றேன்.

அவள் திருப்பிப் பார்த்துவிட்டு, மாத்திரை டப்பாவை நகர்த்தி, அதை இருந்த இடத்திலேயே வைத்தாள்.