மவுஸுக்கு வைத்த பொட்டு

இளங்கோவனைப் பற்றி யாரைக் கேட்டாலும் "நல்ல பையன்" என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நல்ல பையன் என்று பெயர் எடுத்தவனை யார் வேண்டுமானாலும் மிதித்துக்கொண்டு போகலாம் என்று இந்த ஊரில் ஒரு சட்டம் இருக்கிறது போலிருக்கிறது.

நான் ராமராஜன். இரண்டாயிரத்து ஏழு வாக்கில் பிள்ளையார்பாளையத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பெயருக்குத்தான் பிரவுசிங். பரீட்சை ரிசல்ட் வரும் நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் கேம்தான், துப்பாக்கிச் சத்தம்தான். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும் என் கடைச் சத்தமும் ஒன்றை ஒன்று ஏசிக்கொண்டிருக்கும்.

இளங்கோவன் பகலில் பாவு பிணைப்பான். தறியில் பழைய பாவு நூல் தீரும்போது புதுப் பாவின் இழைகளை அதோடு ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்க்கிற வேலை. சாயந்திரமானால் என் கடைக்கு வந்துவிடுவான். சுடுகிற ஆட்டத்தில் அவனை அடிக்க ஆள் கிடையாது. புது மவுஸ் எது வாங்கினாலும் அவன் கையில்தான் முதலில் கொடுப்பேன். உள்ளங்கைக்குள் வைத்து மூடிப் பார்ப்பான், தூக்கித் தூக்கி வைப்பான், ஓர் ஆட்டம் ஆடுவான். "இது வாணாம்ணா, மணிக்கட்டு வலிக்கும்" என்றால் மறுபேச்சில்லாமல் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அவனுக்கு ஜோடி ஸுதர்சன். சின்ன காஞ்சிபுரத்துப் பையன், இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து ஆடுவார்கள். ஒருவன் டீயை மற்றவன் குடிப்பான். அந்த வருஷம் சென்னையில் ஒரு காலேஜில் இரண்டிரண்டு பேராக ஆடுகிற போட்டி என்று ஸுதர்சன்தான் சேதி கொண்டுவந்தான். "பேரெல்லாம் நான் குடுத்துடறேன்டா" என்றான். ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட இளங்கோவனைக் காலேஜ் மேடையில் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்! தெருவில் ஒருத்தரை விடாமல் சொல்லிவிட்டான். புதுச் சட்டையும் தைத்துக்கொண்டான்.

பூஜை விடுமுறைக்கு முன்னால் ஸுதர்சனின் அமெரிக்க மாமா ஒரு மவுஸ் அனுப்பியிருந்தார். கேம் ஆடுகிறவர்களுக்கென்றே செய்தது, ஒயர் கிடையாது, வெகு லேசு. அது மாதிரி ஒன்றைக் காஞ்சிபுரத்தில் யாரும் பார்த்ததில்லை.

"நீ ஆடிப் பார்த்துச் சொல்லுடா. மேட்சுக்கு இதையே எடுத்துக்கலாமா, பழசே போதுமான்னு" என்று இளங்கோவனிடம் கொடுத்துவிட்டுப் போனான் ஸுதர்சன்.

இளங்கோவன் முதலில் அதை நம்பவில்லை. ஒயர் இல்லாதது சொன்ன பேச்சைக் கேட்குமா என்ற சந்தேகம். வேகமாக இழுத்துப் பார்த்தான், திடீரென்று நிறுத்திப் பார்த்தான், வெறும் பலகையிலும் துணியிலும் ஓட்டிப் பார்த்தான். கம்ப்யூட்டரில் சொருகுகிற அதன் ரிசீவரைத் தூர வைத்துவிட்டு எட்ட உட்கார்ந்து சுட்டான். பூஜைக்கு முந்தின நாள் சாயந்திரம்தான் முகம் மலர்ந்தது.

"கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குதுண்ணா. நாம நெனைக்கறதுக்கு முன்னாடி போய் நிக்குது. கண்ண மூடிக்கினு எடுத்துக்கினு போலாம்."

மறுநாள் சரஸ்வதி பூஜை. எல்லா மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். ஸுதர்சனின் மவுஸுக்குத் தானே வைப்பதாக இளங்கோவன் பிடிவாதம் பிடித்தான். அவன் வீட்டு வழக்கம் எப்படியென்றால், தறிக்கு அலங்காரமாக எங்கேயோ வைக்க மாட்டார்கள். எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்துக்குப் பொட்டு. மவுஸைப் புரட்டினான். அடியில் இருந்த சிவப்பு வெளிச்சக் கண்ணின் மேலேயே, சந்தனத்தைக் குழைத்து, தாராளமாகக் குங்குமம் வைத்துக் கும்பிட்டான்.

விஜயதசமி காலையில் ஆரம்பித்து வைக்க ஸுதர்சன் உட்கார்ந்தான். மவுஸை வலப்பக்கம் தள்ளினால் திரையில் குறி மேலே குதித்தது. விட்டு விட்டு நின்றது. அவன் புரட்டிப் பார்த்தான், கர்ச்சீப்பால் துடைத்துப் பார்த்தான். அப்படியும் குதித்தது.

"என்னடா பண்ணே? போயிடுத்துடா இது. மாமாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"சாமிக்குன்னு வெச்சேன்பா..."

"ஒரு பொருளைக் கையில குடுத்தா இப்படித்தானா? உன்னை நம்பி நான் எப்படி மேட்ச்சுக்குப் போறது?"

மவுஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் கழித்து அவனிடமிருந்து எனக்குப் போன் வந்தது. இளங்கோவன் வேண்டாம், ஒன்றுவிட்ட தம்பி ராம்ப்ரஸாதோடு ஆடப் போகிறானாம். நான் சொன்னதை இளங்கோவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். ஒரு வார்த்தை கோபப்படவில்லை. "தப்பு என் மேலதானேண்ணா" என்றான். அதோடு விட்டானா? ஸுதர்சன் பழைய மவுஸோடு தவிப்பானே என்று, என் கடையில் இருந்ததிலேயே நல்லதாக ஒன்றைத் தானே ஆடிப் பார்த்துப் பொறுக்கி எடுத்தான். அதைக் கொடுப்பதற்காகப் போட்டியன்று என்னையும் இழுத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினான். புதுச் சட்டை போட்டிருந்தான்.

காலேஜ் ஹாலில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனோம். ஸுதர்சனும் ராம்ப்ரஸாதும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ராம்ப்ரஸாதின் கைக்குள் அந்த ஒயரில்லாத மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது. எந்தக் குறையும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் ஸுதர்சன் எங்களைப் பார்த்தான். முகம் சட்டென்று மாறியது.

"சரியாயிடுச்சாபா?" என்று கேட்டான் இளங்கோவன். சந்தோஷமாகத்தான் கேட்டான், பாவி.

"அது... அன்னிக்கே ஆத்துல பஞ்சால துடைச்சேன், சரியாயிடுத்து."

"அன்னிக்கேவா?"

அதற்குள் ராம்ப்ரஸாத் திரும்பினான். அந்தப் பையனுக்குச் சூது தெரியாது. "நீங்கதான் மவுஸ் டெஸ்ட் பண்ணிக் குடுத்தவரா? சூப்பரா இருக்கு அண்ணா. பூஜைக்கு முன்னாடி எங்க ரெண்டு பேர் பேரையும் போட்டிக்குக் குடுத்த அன்னிக்கே ஸுதர்சன் சொன்னான், பிள்ளையார்பாளையத்துல ஒருத்தர் இருக்கார், அவர் சரின்னா கண்ணை மூடிண்டு ஆடலாம்னு."

பேர் கொடுத்த அன்றைக்கே! அப்படியானால் மைக்கில் கூப்பிட இளங்கோவனின் பெயரை எவனும் எழுதித் தரவே இல்லை. ஒதுக்குவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை இவனே சந்தனத்தில் குழைத்துக் கொடுத்திருக்கிறான்.

"உன்கிட்ட காலேஜ் ஐடி கேட்பாளோன்னு பயந்தேன்டா" என்று ஆரம்பித்தான் ஸுதர்சன். "ஏன்டா, இத்தனை நாள் வாய்ல என்ன வெச்சிருந்த?" என்று நான் கத்திய கத்தலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இளங்கோவன் என் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்துவிட்டான்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தான். துரோகி, நன்றி கெட்டவன் என்று வாய்க்கு வந்தபடி நான் திட்டிக்கொண்டே வந்தேன். வாலாஜாபாத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"வராதடான்னு சொல்லியிருந்தா நின்னிருப்பேன்ணா. அப்பக்கூட அந்த மவுஸ நல்லா ஆடிப் பார்த்துத்தான் குடுத்திருப்பேன். சாமிக்கு வெச்ச பொட்டு மேல பழியைப் போட்டானே, இனிமே எதுக்குண்ணா நான் பொட்டு வெக்கிறது?"