அக்காவின் இதயமும் நான் குடிக்காத காபியும்

சென்ற மாதம் ஒரு காலைப் பொழுதில் என் அக்காவை ஏறக்குறையக் கொன்றுவிட்டேன். பொய் சொல்லி அல்ல... ஒரு சொல்கூடப் பிசகாமல் உண்மையைச் சொல்லி.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊராருடைய அசட்டுத்தனங்களைக் கடைபரப்புகிறவன், சொந்தச் சரக்கை மட்டும் பரணில் ஒளித்துவைப்பது நியாயமா?

என் அக்கா புஷ்பம் இருப்பது சின்னாளபட்டியில். அத்தான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அன்று காலை சித்தையன்கோட்டையில் பழைய மாணவர் ஒருவரின் வாழைத் தோட்டத்தைப் பார்க்கப் போயிருந்தார். வரப்பில் நின்றபடி, வாழைக்கு வாழை விட்ட இடைவெளி ஏன் தப்பு என்று விளக்கிக்கொண்டே பின்னால் ஓர் அடி நகர்ந்தார். பின்னால் வாய்க்கால். கால் எலும்பு முறிந்தது. மாணவர் அவரைத் திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு என் செல்போனுக்குத் தகவல் சொன்னார். அக்கா வீட்டுத் தொலைபேசி வழக்கம்போல் ஊமையாகிக் கிடந்ததால், நேரில் போய்ச் சொல்லி அவளை அழைத்து வருகிற பொறுப்பு என் தலையில்.

நண்பர் சாகுல் பாயிடம் கார் கேட்டேன். பிரியாணிக் கடை வைத்திருப்பவர். பழைய அம்பாசிடர் ஒன்றும் வைத்திருக்கிறார். யாரிடமும் அதைத் தனியாகக் கொடுத்தனுப்பமாட்டார்; அவரே ஓட்டி வந்தார்.

நாங்கள் போனபோது அக்கா முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னடா இந்நேரத்துல? இரு, காபி போடுறேன்."

"காபியெல்லாம் வேணாம்க்கா. அத்தானுக்கு லேசா அடி. ஒண்ணுமில்ல. நீ கெளம்பு, போயிப் பாத்துட்டு வந்துருவோம்."

இதில் எந்தச் சொல் பொய்? காபி வேண்டாம் என்றது, வீட்டிலேயே வயிறு முட்டக் குடித்திருந்ததால். அடி லேசுதான். உயிருக்கு ஒன்றுமில்லைதான். பார்த்துவிட்டு வரத்தான் போகிறோம்.

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

"நெசத்தச் சொல்லு."

"நெசமாத்தான்க்கா. ஒண்ணுமே இல்ல."

இந்த இடத்தில் பாய் எனக்கு உதவிக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மனசத் தெம்பா வச்சுக்கங்கக்கா. எல்லாம் அல்லா கையில இருக்கு."

அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சரிந்தாள்.

எங்கள் பக்கத்தில் சாவை யாரும் சாவு என்று சொல்வதில்லை. வாசகர்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். 'கொஞ்சம் சீரியஸ்' என்றால் முடிந்துவிட்டது என்று பொருள். 'ரொம்ப சீரியஸ்' என்றால் பந்தல்காரருக்குச் சொல்லியாயிற்று. 'ஒண்ணுமில்ல, சும்மா பாத்துட்டு வந்துருவோம்' என்று வீட்டு ஆம்பளை ஒருவன் கார் எடுத்துக்கொண்டு வந்து நின்றால், அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. சாவுச் செய்தி கொண்டுவந்தவன் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். நானோ காபி வேண்டாம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன்.

சாவை மறைக்க இத்தனை சொற்கள் வைத்திருக்கிறோமே... கால் மட்டும் முறிந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல நம்மிடம் ஒரு சொல் மிச்சம் இருக்கிறதா?

அக்காவைத் தூக்கிக் காரில் போட்டுப் பக்கத்து மருத்துவமனைக்கு ஓடினோம். இ.சி.ஜி. எடுத்தவர்கள் ஹார்ட் அட்டாக் என்றார்கள். ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, வராந்தாவில் பாய் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"எங்கிட்டயாச்சும் சொல்லுங்கண்ணே. எடுக்குறது இன்னைக்கா, நாளைக்கா?"

"யார பாய்?"

"அத்தானத்தாண்ணே."

ஆக, என் உண்மையை அந்த வீட்டில் ஒருவர்கூட நம்பவில்லை.

இங்கேதான் டாக்டர் செலின் வருகிறார். திண்டுக்கல்காரர், அப்பா அம்மா இருவரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். உயரம் குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. அக்காவுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"அடைப்பு எதுவும் இல்ல சார். ரத்தக் குழாயெல்லாம் சுத்தமா இருக்கு."

"அப்ப ஒண்ணுமில்லையா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாது. இருதயம் வீங்கி இருக்கு."

ஒரு தாளில் வரைந்து காட்டினார். இதயத்தின் இடது கீழறை, அடிப்பக்கம் உப்பி, கழுத்துப்பக்கம் குறுகி... தண்ணீர் எடுக்கிற தோண்டிபோல் இருந்தது. தாங்க முடியாத அதிர்ச்சி வரும்போது உடம்பில் சில சுரப்புகள் வெள்ளமாகப் பாய்ந்து, இதயத் தசையை இப்படி ஆக்கிவிடுமாம். அடியில் இருக்கிற தசை அடிப்பதை மறந்துவிடுமாம். பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வருமாம். முதலில் கவனித்துச் சொன்னவர்கள் ஜப்பான்காரர்கள். அங்கே ஆக்டோபஸ் பிடிக்கிற பானை இதே வடிவத்தில் இருக்கும் என்பதால், அந்தப் பானையின் பெயரான 'டகோட்சுபோ' என்பதையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள்.

"நம்ம ஆளுங்களுக்கு ஆக்டோபஸ்ஸுக்கு எங்க போறது? நான் தோண்டின்னே சொல்லிருவேன்," என்றார் டாக்டர்.

"சரியாயிருமா டாக்டர்?"

"பெரும்பாலும் சில வாரத்துல பழையபடி ஆயிரும். ஆனா இந்த ரெண்டு மூணு நாள் கண்டம்தான். பிரஷர் ரொம்ப எறங்கிக் கெடக்கு. துடிப்பும் சீரா இல்ல."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னை அதட்டி வளர்த்தவள் அவள்தான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவள் அதட்டுகிற நிலையில் இல்லை.

மறுநாள் இன்னொரு சிக்கல். அத்தான் நலம் என்று அக்காவிடம் யார் சொன்னாலும் அவள் நம்பவில்லை. நான் சொன்னேன். என் மனைவி சொன்னாள். நர்ஸ் சொன்னார். எல்லோரும் அதே குழைவான குரலில், அதே தலையாட்டலோடு, "அவரு நல்லாத்தான் இருக்காரு, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க." சொல்லச் சொல்ல அக்காவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அத்தானை நேரில் கொண்டுவரலாம் என்றால், அன்றைக்குத்தான் அவர் காலில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது.

டாக்டர் செலின் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"நேத்து அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

சுருக்கமாகச் சொன்னேன்.

"அப்படியில்ல சார். எங்க நின்னீங்க, எப்படிச் சொன்னீங்க, அப்படியே செஞ்சு காட்டுங்க."

மேடை நாடகத்தில் காவலாளி வேஷம்கூடக் கிடைக்காதவன் நான். மருத்துவமனை அறையில் வாசல் ஓரமாக நின்று, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "காபியெல்லாம் வேணாம்க்கா" என்று நடித்தேன். டாக்டர் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா இருந்தாலும் விழுந்திருப்பேன்," என்றார்.

பிறகு ஒன்று செய்தார். யாரும் அக்காவிடம் 'ஒண்ணுமில்ல' என்ற சொல்லைச் சொல்லக்கூடாது என்று தடை போட்டார். திண்டுக்கல் மருத்துவமனையில் இருந்த அத்தானைத் தம் செல்போனிலேயே பிடித்தார். "நீங்க ஆறுதல் எல்லாம் சொல்லாதீங்க சார். வீட்டுல எப்பவும் எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசுங்க," என்று சொல்லி, போனை அக்காவின் காதோரம் பிடித்தார். அத்தானின் குரல் வகுப்பறைக் குரல். நான் நின்ற இடம்வரை கேட்டது.

"ஏ புஷ்பம். என் கண்ணாடி எங்க?"

அக்கா கண்ணைத் திறந்தாள். உதடு மட்டும் அசைந்தது. "சட்டப் பையில பாருங்க."

"பாத்துட்டேன். இல்ல."

"பாத்திருக்க மாட்டீக. இன்னொருக்கா பாருங்க."

அந்தப் பக்கம் பையைத் துழாவுகிற சத்தம் கேட்டது.

"ஆமா. இருக்கு," என்றார் அத்தான்.

அக்காவின் கண்ணோரத்தில் நீர் இறங்கியது. டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "உசுரோடதாம்மா இருக்காரு."

எனக்குள் இருந்த எழுத்தாளன் உடனே விழித்துக்கொண்டான். மானிட்டரைக் காட்டி, "டாக்டர், பாருங்க... பிரஷர் ஏறுது," என்றேன்.

"மருந்து ஏறுது சார்," என்றார் டாக்டர்.

இந்தப் பதிலுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. நானாக இருந்தால், ஒரு குரலால் ஓர் இதயத்தை மீட்ட கதையை அன்றைக்கே அச்சுக்கு அனுப்பியிருப்பேன். கண் முன்னால் இத்தனை அழகான கதை நடக்கும்போது, அதை நம்பாமல் நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்?

அக்கா தேறினாள். அடுத்த சில நாட்களில் நானும் டாக்டரும் கொஞ்சம் பழகினோம். அப்போதுதான் தெரிந்தது, இந்த நோயை அவர் சில வருஷங்களாகத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார் என்பது. இதயத்தின் படங்களும் ரத்தச் சோதனைகளும் மருத்துவமனையிலேயே கிடைத்துவிடும். அவருக்கு வேண்டிய மிச்சம் அங்கே கிடைக்காது. அதற்காக ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் டவுன் பஸ் ஏறிவிடுவார். பிழைத்து வீடு திரும்பிய பெண்களைத் தேடிப் போய் உட்கார்ந்து கேட்பார்: அன்றைக்கு என்ன நடந்தது? யார் வந்து சொன்னார்கள்? என்ன சொல் சொன்னார்கள்? நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள்?

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவரிடம் சொன்னாளாம்: "அவுக ஒண்ணுமே சொல்லல டாக்டரம்மா. செடிக்கு அந்தப் பக்கமா வந்து நின்னாக. அம்புட்டுதான்."

சில வீடுகளில் பேசவே மாட்டார்களாம். டாக்டரும் கேட்கமாட்டார். கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவார். மறுபடி போவார். எந்த வீட்டிலும் காபி வேண்டாம் என்று மட்டும் சொல்வதில்லையாம்.

"அப்ப நம்ம ஊர்ல செய்தி சொல்ற முறையாலதான் இந்த நோய் வருதுன்னு எழுதிரலாமா?" என்று கேட்டேன். எனக்குப் பத்திக்குத் தலைப்பு வேண்டியிருந்தது.

"எழுதாதீங்க சார். அது எனக்கே தெரியாது. ஒருவேளை எப்படிச் சொன்னாலும் வந்திருக்கலாம். ஒரே செய்திய ஒரே மாதிரி கேட்ட பத்துப் பேர்ல ஒம்போது பேர் எந்திரிச்சு நடந்து போறாங்க, ஒருத்தர் ஏன் விழுறாங்க? அதுவே தெரியல. கேட்டுக்கிட்டே இருக்கேன்."

'எனக்குத் தெரியாது' என்ற வாக்கியத்தை இத்தனை நிமிர்ந்து சொன்ன ஒருவரை நான் சமீபத்தில் பார்த்ததில்லை. பார்க்கிற ஆள் எல்லாம் என்னைப்போலவே இருக்கிறார்கள்... எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறார்கள்.

ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ள அக்காவிடம் சம்மதக் கையெழுத்துக் கேட்டார் டாக்டர்.

"என் பேரு அதுல வருமாம்மா?"

"வராதும்மா. ரகசியமா வச்சிருப்போம்."

"இவன் பேரு?"

"அதுவும் வராது. செய்தி சொன்னவர் தம்பின்னு மட்டும் இருக்கும்."

"பேரையும் போடுங்க," என்றாள் அக்கா. "மத்தவுக சூதானமா இருக்கட்டும்."

போன வாரம் மறுபடி எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். தோண்டி போய்விட்டது. இதயம் இதயமாகவே இருந்தது. டாக்டர் செலின் படத்தை என்னிடம் காட்டியபோது, சத்தமில்லாமல் சிரித்தார். அத்தனை நாட்களில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நேற்று அக்காவைப் பார்க்கச் சின்னாளபட்டி போனேன். வாசலில் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். மனம் நெகிழ்ந்திருந்தது. எழுத்தாளன் அல்லவா, சும்மா இருக்க முடியுமா?

"அக்கா, இந்தக் காலத்துல புருஷனுக்காக யாரு இப்படி உருகுறா? அத்தான் போயிட்டாருன்னு நெனச்ச ஒடனே ஒன் இருதயமே உருமாறிப் போச்சே. ஒம் பாசத்துக்கு டாக்டர் படமே எடுத்து வச்சிருக்காங்க," என்றேன்.

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவருக்காகன்னு யாருடா சொன்னா? அவரு போயிட்டாருன்னா இனி மிச்சக் காலத்துக்கும் ஒங்கூட வந்துல்ல இருக்கணும்னு நெனச்சேன்... அதுலதான் நெஞ்சு அடைச்சிருச்சு."