மரவாடிப் பாவாடையின் கோழிச்சட்டி

பாட்டில் தகர டின்னின் நட்டநடுவில் நிற்கிறதா என்று பாவாடை ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். நெல்மணி அகலத்துக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நகர்த்துகிறார். டின்னின் அடியில் வெட்டிய ஓட்டை வழியாக நுழைந்த ஒரு கட்டை, பாட்டிலின் காலைத் தொட்டபடி படுத்திருக்கிறது. சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கட்டைவிரலால் கெட்டித்து, பாட்டிலையும் கட்டையையும் உருவி எடுத்தால் நடுவில் ஒரு புகைபோக்கி, கீழே ஒரு வாசல். மதியம் பற்றவைத்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை ஊதவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். பல வீடுகளில் இந்த மரத்தூள் அடுப்பு இருக்கிறது. அதற்கு ரசமட்டம் பார்க்கிற வீடு இது ஒன்றுதான்.

"கொத்தனாரு கூட இப்பிடிப் பாக்க மாட்டாரு. கோழிய வேக வைக்கப் போறியா, கோபுரம் கட்டப் போறியா?" என்கிறார் பெரியநாயகி. இவர் பாவாடையின் மனைவி. வாரத்தில் ஆறு நாள் சமையல்காரர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் விமர்சகர். அன்றைக்கு அடுப்புப் பக்கம் வர அவருக்கு அனுமதி இல்லை. வாயைத் திறக்க உண்டு.

பாவாடை கள்ளக்குறிச்சி மரவாடி ஒன்றில் மரம் அறுக்கிறார். சனிக்கிழமை மாலை சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை மரத்தூளோடுதான் திரும்புவார். எந்தத் தூளும் ஆகும் என்று நினைப்பவர்களைப் பார்த்து அவர் இரக்கப்படுகிறார். "வேப்பந்தூள்ல வச்சீங்கன்னா அது கோழி இல்லீங்க, கஷாயம். தேக்குல வச்சா கட்டிலக் கடிக்கிற மாதிரி இருக்கும். மா நல்லாருக்கும். புளி கெடச்சா..." என்று நிறுத்தி, கண்ணை மூடிக்கொள்வார்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. மருத்துவர்களால் தீராதது. யாராவது எதையாவது தப்பாக வெட்டினால் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சலூனில் பக்கத்து நாற்காலிக்காரரின் கிருதாவில் தலையிட்டு ஒரு தடவை வெளியேற்றப்பட்டிருக்கிறார். கல்யாண வீட்டில் பலாப்பழம் அறுத்தவரிடமிருந்து கத்தியைப் பிடுங்கி, தாலி கட்டும் நேரத்தில் முழுப் பழத்தையும் முடித்துவிட்டு, "இப்ப அடிங்கடா மேளத்த" என்று எழுந்திருக்கிறார்.

கோழி நாட்டுக்கோழிதான். புதிதாகக் கடைக்கு வந்திருக்கும் பிராய்லரை அவர் அந்த இனத்தில் சேர்ப்பதில்லை. "அது நடந்ததே இல்லீங்க. நடக்காத காலுல இன்னா ருசி இருக்கும்?" மஞ்சள் பூசி வைக்கோல் தீயில் வாட்டுவார். பற்றவைத்த புதிதில் அடுப்பு வெறும் புகையாகக் கக்குமே, மற்ற வீடுகளில் அடுப்பைத் திட்டும் நேரம், அப்போது பாவாடை கோழியைக் கம்பியில் கோத்து அந்தப் புகையில் தொங்கவிடுவார். புகை குடித்து முடித்ததும் கரியாலூர்ப் புளி, வெல்லப்பாகு, வறுத்தரைத்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் பூசி மண்சட்டிக்குள் படுக்கவைப்பார். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மூடியைச் சுற்றிக் கேழ்வரகு மாவைப் பிசைந்து அப்பி, காற்றுப் போகாமல் அடைப்பார். "தீ ஜாஸ்தியானா வெல்லம் கருகிப்பூடும். கம்மியானா கோழி முழிச்சிக்கினு இருக்கும்" என்பது அவருடைய தத்துவம்.

மாலையில் அந்த மாவு ஓடுபோல் இறுகியிருக்கும். அதை உடைக்க ஓர் உளி வைத்திருக்கிறார். மூடியின் விளிம்புக்குக் கீழே பக்கவாட்டில் வைத்து மூன்று தட்டு தட்டினால் மாவு வளையல்போல் முழுசாகக் கழன்று விழும். அந்த உளியைப் பெரியநாயகி தொட்டதில்லை. தேங்காய் உடைக்க ஒரு தடவை எடுக்கப் போய், இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

சட்டிக்குச் சட்டம் ஒன்றுதான்: குடும்பம் முழுக்க வந்து உட்காராமல் மூடி திறக்காது. குடும்பம் என்பது தியாகதுருகத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் அம்சவள்ளி, தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டரான மருமகன் அய்யப்பன், ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குக் காத்திருக்கும் மகன் தமிழரசன். மூடி திறந்து முதல் ஆவி எழும்போது அய்யப்பன் தன் விசிலை எடுத்து 'ரைட்' கொடுப்பார். பிறகுதான் கை வைக்க வேண்டும். புரட்டாசி தவிர, வருடக்கணக்காக ஞாயிறு தவறாமல் ஓடிக்கொண்டிருந்த இந்த வண்டிதான் போன புரட்டாசியோடு நின்றுவிட்டது.

இட ஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் சாலை மறியல் நடந்த வாரம் அது. கோரிக்கையில் தமிழரசனுக்கும் சந்தேகம் இல்லை, அய்யப்பனுக்கும் இல்லை. சண்டை வந்தது ஒரு புளியமரத்தால். ரிஷிவந்தியம் சாலையில் ஒரு வளைவில் அய்யப்பனின் பஸ் திரும்பியபோது அந்த மரம் குறுக்கே படுத்திருந்தது. மேலே கொடியோடு தமிழரசன். மரியாதை தெரிந்த பையன் ஆகையால், "வாங்க மாமா" என்றான். அய்யப்பன் மூன்று நாள் பன்னும் டீயுமாக அந்த பஸ்ஸைக் காவல் காத்தார். மரம் வெட்டியவன் உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டில் இனிக் கை நனைப்பதில்லை என்று வளைவிலேயே சபதம் செய்தார்.

தமிழரசன் மரத்தில் உட்கார்ந்தான், அவ்வளவுதான். நடந்ததை, அங்கே டீக்கடை வைத்திருக்கும் பூமாலை எனக்குச் சொன்னார். "போயி பையன இழுத்துக்கினு வாய்யா" என்று பெரியநாயகி அனுப்ப, பாவாடை அங்கே போயிருக்கிறார். பையன்கள் மரத்தைத் தப்பான பக்கம் கொத்திக்கொண்டிருந்தார்கள். மரம் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் ஒரு பிளவு வெட்ட வேண்டும். தொழிலில் அதற்கு வாய் என்று பெயர். அவர்கள் கொத்துகிற பக்கம் பார்த்தால் மரம் டீக்கடைமேல்தான் வரும். பாவாடை இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் வியாதி விடவில்லை. கோடரியைப் பிடுங்கினார். மரம் சாலைக்குக் குறுக்கே மெத்தென்று படுத்தது. சிதறிய சில்லுகளை அவர் துண்டில் கட்டிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்தது. படிக்கட்டில் மருமகனைக் கண்டதும் மாமனார் கரும்புக் காட்டுக்குள் மறைந்தார். அய்யப்பனைத் தவிர ஊருக்கே தெரிந்த ரகசியம் இது.

புரட்டாசியில் கவுச்சி இல்லை, தப்பித்தோம். தீபாவளிக்கும் மருமகன் வரவில்லை. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் சட்டி கவிழ்ந்தே கிடந்தது. "நீ வெட்டுவன்னு வச்சிருந்த கோழி அட வச்சி, குஞ்சு பொரிச்சி, பேரன் பேத்தி எடுத்துடுச்சி" என்று பெரியநாயகி மானத்தை வாங்கினார்.

இந்த ஞாயிறு மருமகன் வந்தார். அம்சவள்ளிதான் இழுத்து வந்தது. "நீ எந்தம்பிகூடப் பேச வாணாம். கோழிகூடப் பேசு" என்பது ஒப்பந்தம். தெருவுக்கே பரபரப்பு. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்கும் ஓர் இலை போட்டிருந்தார்கள். பாவாடை குளித்து, திருநீறு பூசி, விடியற்காலையிலிருந்து பாட்டிலை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதல் புகைக்குத் தூளின் மேல் எதையோ துண்டிலிருந்து அள்ளிப் போட்டதைப் பெரியநாயகி பார்த்தார், பார்க்காததுபோல் இருந்தார்.

"வாங்க மாமா" என்றான் தமிழரசன்.

"இந்த வார்த்தைய ஏற்கனவே ஒரு தபா கேட்டாச்சி" என்று அய்யப்பன் கூரையிடம் சொன்னார். பிறகு மூக்கு அவரை மீறிவிட்டது. "மாமா, வாசன இன்னிக்கி வேற மாதிரி கீதே. இன்னா மரம்?"

"புளி" என்றார் பாவாடை.

பெரியநாயகிக்கு இருமல் வந்தது.

"அந்தப் பேர எடுக்காதீங்க மாமா, வயிறு எரியுது" என்றார் அய்யப்பன். "ஆனா ஒண்ணு, வெட்னவன சும்மா சொல்லக் கூடாது. ஒரு பக்கம் டீக்கட, ஒரு பக்கம் கரண்டுக் கம்பி. ரெண்டுலயும் ஒரு எல படல. அளவெடுத்தாப்ல படுத்திருந்துது. உங்க புள்ளைக்கு இவ்ளோ தொழில் தெரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சி."

தமிழரசன் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் மாமா. மனசுல வச்சிக்காதீங்க" என்றான். அப்பனுக்காக இத்தனை வாரம் சுமந்த பழியைப் பையன் இறக்கி வைக்கப் பார்த்தான். அய்யப்பனின் முகமும் இளகியது. எல்லாம் முடிந்துவிட்டது. கோழி சாப்பிட வேண்டியதுதான் பாக்கி.

"இவனா?" என்றார் பாவாடை.

"யோவ்" என்றார் பெரியநாயகி.

"இவனுக்கு வெறகு பொளக்கத் தெரியுமா மாப்ளே? வாய் எந்தப் பக்கம் வெட்டணும்னே தெரியாமக் கொத்திக்கினு இருந்தானுங்க. நான் மட்டும் கோடாலிய வாங்கலன்னா..."

அங்கே நிறுத்தினார். தாமதம்தான். அய்யப்பன் மெல்ல எழுந்து வாசலுக்குப் போய் ஒரு காலைச் செருப்பில் நுழைத்தார். அம்சவள்ளி அப்பனைப் பார்த்த பார்வையில் இன்னொரு மரம் விழுந்திருக்கும்.

பாவாடை எழுந்தார். இடுப்பிலிருந்த உளியை எடுத்தார். கைப்பிடி மருமகன் பக்கம் இருக்கும்படி திருப்பி நீட்டினார். பெரியநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அய்யப்பன் உளியைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். செருப்பிலிருந்து கால் வெளியே வந்தது. சட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, உளியை விளிம்புக்குக் கீழே வைக்காமல் மூடியின் உச்சியில், தட்டினால் மூடியே உடைந்துபோகும் இடத்தில், நட்டுக்குத்தலாக நிறுத்தினார். பாவாடையின் வலது கை தானாக எழுந்தது. அதை அவர் இடது கையால் பிடித்துக் கீழே இறக்கி, தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.